‘ஏ’ கட்டத்துல முத்திரை இருக்கா?

சியாங்மாயில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. வலது கை தூளியில் தொங்குகிறது, இடது கையில் போன். மறுமுனையில் இன்சூரன்ஸ் உதவி மையம். வலி எப்படி இருக்கு என்று கேட்பார்கள் என நினைத்தேன். கேட்டது இதுதான்: “சார், உங்க ஐடிபில ‘ஏ’ கட்டத்துல முத்திரை இருக்கா?”

ஐடிபி என்றால் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட், வெளிநாட்டில் வண்டி ஓட்ட நம் ஆர்டிஓ ஆபீஸ் தரும் புத்தகம். முத்திரை இருந்தது. அதனால்தான் இப்போது காரைக்குடியில் உட்கார்ந்து நிம்மதியாக இதை எழுதுகிறேன். எனக்கு ஆத்தங்குடிக் கல் வியாபாரம். 2016-லிருந்து நேரம் வாய்க்கும்போதெல்லாம் ஒரு வெளிநாட்டு பைக் பயணம். நேபாளம், இலங்கை, தாய்லாந்து, வியட்நாம் என்று நாலு பாலிசி வாங்கி, ஒரே ஒரு க்ளைம் போட்டவனின் அனுபவம் இது.

நேபாளத்துக்குச் சொந்த புல்லட். எனக்கு ஒரு டிராவல் பாலிசி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்றிருந்தேன். வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் ஏஜென்ட் தம்பிதான் பிடித்தான். “அண்ணே, உங்க வண்டி பாலிசி சுனௌலி எல்லையோட நின்னுபோகும். எண்டார்ஸ்மென்ட் போடணும், அதாவது பாலிசில கூடுதலா ஒரு குறிப்பு.” நேபாளம், பூடான், இலங்கை, வங்கதேசம் மாதிரி பக்கத்து நாடுகளுக்கு மட்டும் நம் வண்டி பாலிசியை நீட்டித்துக்கொள்ளலாம். முழு பாலிசிக்கு அப்போது 500 ரூபாய்தான் கூடுதல். டிராவல் இன்சூரன்ஸ் வேறு, வண்டி இன்சூரன்ஸ் வேறு என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

தாய்லாந்தில் வாடகை ஸ்கூட்டர். சியாங்மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் 1095-ஆம் நம்பர் ரோட்டில் 762 வளைவு என்பார்கள். எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது. வளைவில் மணல், வேகம் முப்பதுகூட இருக்காது. காறை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. ஹெல்மெட்டில் சிராய்ப்பு இருந்ததால் தலைக்கும் ஸ்கேன், ஒரு ராத்திரி படுக்கை. மொத்தம் 42,000 பாட், நம் காசுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். கம்பெனியின் ஒப்புதல் கடிதம் வர சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரி என் கார்டில் 20,000 பாட் முன்பணம் பிடித்து வைத்திருந்தது. கேஷ்லெஸ் என்று நம்பிக் கையில் காசில்லாமல் போகாதீர்கள்.

கேட்ட காகிதங்கள்: இந்திய லைசென்ஸ், ஐடிபி, பாஸ்போர்ட்டில் தாய்லாந்து முத்திரை விழுந்த பக்கம், வாடகைச் சீட்டு, போலீஸ் ரிப்போர்ட், ரத்தத்தில் மது இல்லை என்ற ரிசல்ட். நம் ஐடிபி புத்தகத்தில் ‘ஏ’ என்றால் மோட்டார் சைக்கிள், ‘பி’ என்றால் கார். என்கூட வந்த மச்சானின் புத்தகத்தை ஓட்டல் அறையில் புரட்டினோம். ‘பி’ மட்டும்தான் இருந்தது. மூன்று நாளாக மலையெல்லாம் ஓட்டியிருக்கிறான்! விழுந்தது நானாகப் போனது அவன் அதிர்ஷ்டம்.

கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது எவர்சில்வர் கரண்டி வரைக்கும் நோட்டில் எழுதி டிக் அடிக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். பாலிசி வாசகத்தை மட்டும் ஏன் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியவில்லை. கவர் தொகை அம்பதாயிரம் டாலரா, ஒரு லட்சம் டாலரா என்றுதான் முதலில் நானும் பார்த்தேன். இப்போது அதைக் கடைசியில் பார்க்கிறேன். முதலில் தேடுவது விலக்குப் பட்டியலில் ‘இருசக்கர வாகனம்’, ‘சாகச விளையாட்டு’ என்று எங்கே வருகிறது, இன்ஜின் சிசிக்கு வரம்பு உண்டா என்பதை. நான் பார்த்த ஒரு பாலிசியில் 125 சிசி தாண்டினால் ஒன்றும் கிடையாது.

பாலிசி கைவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரின் உடைந்த பேனலுக்கு வாடகைக் கடைக்காரர் வாங்கிய 6,000 பாட் என் காசு. நான் யாரையாவது இடித்திருந்தால் அதுவும் என் பாடுதான். ‘பர்சனல் லயபிலிட்டி’ என்று பெரிதாகப் போட்டிருக்கும், உள்ளே மோட்டார் வாகனம் நீங்கலாக என்று இருக்கும். டிடக்டிபிள், அதாவது க்ளைமில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, 100 டாலர் தனி. ஊர் திரும்பிய பிறகு ஆறு வாரம் பிசியோதெரபிக்குச் சல்லிக்காசு வரவில்லை.

வியட்நாம்தான் உண்மையில் சிக்கல். இந்தியா தரும் ஐடிபி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்து ஐடிபி. ‘ஏ’ முத்திரை இருந்தாலும் அங்கே நம் புத்தகம் செல்லாது. வாடகைக் கடையில் யாரும் கேட்கவே மாட்டார்கள், சாவியை நீட்டிவிடுவார்கள். பாலிசி விற்றவரிடம் கேட்டேன், “அதெல்லாம் கவர் ஆகும் சார்” என்றார். மனசு ஒப்பாமல் கம்பெனிக்கு மெயில் போட்டேன். அந்த நாட்டுச் சட்டப்படி செல்லும் லைசென்ஸ் இருந்தால் மட்டுமே என்று பதில் வந்தது. வடக்கே ஹா ஜியாங் மலையை, உள்ளூர்ப் பையன் பைக் ஓட்ட, பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அம்பது வயசில் பிள்ளையார்பட்டிக்கு அப்பா பின்னால் போகிற பையன் மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது.

ஐடிபிக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். போன மாதம் புதுசு வாங்க ஆர்டிஓ ஆபீஸ் போனேன். ஆயிரம் ரூபாய் கட்டி, கையில் தந்ததும் கவுன்டரிலேயே நின்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

“சார், ‘ஏ’ விட்டுப்போச்சு.”

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முத்திரைக் கட்டையை எடுத்தார்.