கேஸ் ஃபிரிட்ஜ்: மூன்று வருஷம், ஒரு ரசமட்டம்

தளி பக்கம் தோட்டம் வாங்கியிருக்கும் மாப்பிள்ளை போன வாரம் போன் பண்ணினான். "உன் மாடி ரூம் கேஸ் ஃபிரிட்ஜ் எப்படி ஓடுது மாமா? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இங்க கரண்டு எப்ப வருது எப்ப போகுதுன்னே தெரியல." அரை மணி நேரம் திட்டினேன். அவனை இல்லை, ஃபிரிட்ஜை. ஆற அமர எழுதினால் கொஞ்சம் நியாயமாக வரும் என்று இதை எழுதுகிறேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் பழைய வீடு, மொட்டைமாடியில் ஒற்றை அறை. ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன் நான். தலைமாட்டில் கம்ப்ரஸர் உறுமினால் எனக்கு ஆகாது. வேனையே வீடாக்கி ஊர் சுற்றிய ஒருவர் வண்டியை விற்றபோது, 12 வோல்ட், 230 வோல்ட், கேஸ் மூன்றிலும் ஓடும் இந்த 90 லிட்டர் பெட்டியை என் தலையில் கட்டினார்.

முதல் ராத்திரி ஓடவே இல்லை என்று நினைத்தேன். அவ்வளவு அமைதி. ஹோட்டல் ரூம்களில் மூச்சு விடாமல் நிற்கும் குட்டி ஃபிரிட்ஜ்களில் பல இதே ஜாதிதான். பின்னால் கை வைத்தால் சூடு தெரியும். காதை ஒட்டி வைத்தால் எப்போதாவது ஒரு 'களுக்'. அவ்வளவுதான். மூன்று வருஷமாகியும் அந்த அமைதி எனக்குப் புளிக்கவில்லை.

ஆனால் இந்த மட்டம் இருக்கிறதே!

உள்ளே மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்து சீல் வைத்த குழாய்தான். கீழே சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகி மேலே போகும், ஆறித் திரவமாகும், தன் கனத்திலேயே கீழே வழிந்து ஹைட்ரஜனுக்குள் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த ஏற்பாடு. எல்லாம் வழிந்துதான் ஓட வேண்டும் என்பதால் பெட்டி சாய்ந்தால் போச்சு. திரவம் ஒரு மூலையில் தேங்கும், சூடேறும் இடம் காய்ந்து போகும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த குரோமேட் உப்பு இறுகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான்.

என் அறையோ மொட்டைமாடி மேலேயே நாலு சுவர் எழுப்பியது. தரை இன்னும் மொட்டைமாடிதான், மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்டது. மூன்று நாள் பால் திரிந்தது. வந்த மெக்கானிக் பின்னால் எட்டிப் பார்த்து, "கம்ப்ரஸர் எங்க சார்?" என்றார். அப்புறம், "குழாயைக் கட் பண்ணி கேஸ் அடிச்சா சரியாயிடும்." வெளியே சிலிண்டர் நிற்கிறது, உள்ளே அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன, இவர் கையில் கட்டர்! டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது, இந்தப் பெட்டியை அவர் எங்கே பார்த்திருப்பார்?

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கிருஷ்ணகிரி மேஸ்திரி. ஃப்ரீசரின் அடித்தட்டில், சாய்வு பார்க்கக் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி கோட்டைத் தாண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "நீட்டுவாக்குல மட்டும் பாத்தா ஆகாது சார், குறுக்கயும் பாக்கணும்." காலுக்கடியில் ஒரு கடப்பைக்கல் சில்லு, அதன்மேல் மடித்த தகரம். மறுநாள் காலை ஐஸ். ஐம்பது ரூபாய்கூட வாங்க மாட்டேன் என்றார்.

அன்றிலிருந்து நான் அந்தக் குமிழிக்கு அடிமை. கூட்ட வரும் அக்காவின் விளக்குமாறு சில்லை ஒரு நூல் நகர்த்தினால் போதும், ரெண்டு நாளில் தயிர் புளிக்கும்.

கேஸ் சங்கதியில் நான் விளையாடுவதில்லை. பெட்டி வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் பின்னால் சுவரில் கீழே ஒரு ஜாலி, மேலே ஒரு ஜாலி. பெட்டிக்கும் அறைக்கும் நடுவே இடுக்கில்லாமல் தகரம் அடித்து அடைத்தாயிற்று. பர்னர் புகையும் சூடும் மேலே வெளியேறும். கசிந்தால் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு இறங்கிக் கீழ் ஜாலி வழியாகப் போய்விடும். இந்த அடைப்பு இல்லாமல் தூங்கும் அறையில் கேஸில் ஓட்டுவது தற்கொலை; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 5 கிலோ சிலிண்டர் வெளியே நிழலில் நிமிர்ந்து நிற்கும். ரெகுலேட்டர் பெட்டியின் லேபிளில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும், என்னுடையது 30 மில்லிபார். டீக்கடை பட்டி அடுப்புக்குப் போடும் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சோப்புத் தண்ணி. பற்றவைத்த பிறகு கேஸ் திருகை இருபது நொடி போல அழுத்திப் பிடித்தால்தான் சுடர் நிற்கும். அது தொல்லை இல்லை, சுடர் அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளடித்தால் ஜெட்டில் அழுக்கு. ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவலாம், ஊசி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும். கரண்டில் ஓடும்போது கேஸ் மூடியிருக்க வேண்டும். கசிவு வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து, கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குப் போன்.

கரண்டுச் செலவைக் கேட்காதீர்கள். 125 வாட் ஹீட்டர் ஏறக்குறைய நாள் முழுக்க எரிகிறது, மூன்று யூனிட்டை நெருங்கும். இதே அளவு கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு யூனிட்கூடக் கேட்காது.

வெயில் வந்தால் இதற்குக் கை கால் ஓடாது. 2024 ஏப்ரலில் பெங்களூரே 38 டிகிரி தாண்டியபோது உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 12 காட்டியது. அம்மாவின் பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 வேண்டும். அன்றைக்கே கீழ் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன், இன்றுவரை திரும்ப மேலே கொண்டுவரவில்லை.

இன்று காலை பார்த்தேன், குமிழி மறுபடி இடது பக்கம் ஒரு நூல். ஆகவே மாப்பிள்ளை, வாங்காதே. டிசம்பரில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். என்னுடையதை விலைக்குக் கேட்கலாம் என்று நினைத்தால் அதுவும் வேண்டாம், நான் தர மாட்டேன்.