டிரினிடாட் பேய்கள்: சூக்கூயானா, லா ஜாப்லெஸ்ஸா?

கரீபியன் தீவான டிரினிடாடின் இந்த இரண்டு பேய்க்கதைகளில் ஒன்றைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் எதைச் சொல்லலாம்?

லா ஜாப்லெஸ் அழகி. அகலத் தொப்பி முகத்தையும் நீளப் பாவாடை மாட்டுக் குளம்பாக இருக்கும் காலையும் மறைத்துவிடும். ஆண்களை மயக்கிக் காட்டுக்குள் இழுத்துப் போவாள். தப்பிக்க, உடுப்பை உள்புறம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட வேண்டுமாம்.

சூக்கூயான் பகலில் சாதாரணக் கிழவி. இரவானால் தோலைக் கழற்றி உரலில் ஒளித்துவிட்டு, நெருப்புப் பந்தாகப் பறந்து, சாவித்துவாரம் வழியாக நுழைந்து ரத்தம் குடிப்பாள். வாசலில் அரிசியை இறைத்தால் ஒவ்வொரு மணியாக எண்ணாமல் நகர மாட்டாள், அதற்குள் விடிந்துவிடும். கழற்றிய தோலில் உப்பைத் தடவினால், அப்புறம் அதைப் போடவே முடியாது.

என் ஓட்டு கிழவிக்குத்தான். அழகியிடம் சிக்க நீங்கள் தனிவழி போக வேண்டும். சூக்கூயான் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கலாம்.