லேஸ் திரையை இழுத்துக் காயவைக்க எந்த மரச்சட்டம்?

பருத்தி லேஸ் திரையைத் துவைத்து அப்படியே கொடியில் போட்டால், காய்ந்த பிறகு ஜன்னலுக்குப் போதாது. நீளமும் அகலமும் குறைந்திருக்கும். ஓரம் நெளிந்திருக்கும். நடுவில் இருக்கும் பூவும் கொடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நெருக்கமாக நெய்த துணியில் நூலுக்கு நூல் முட்டுக்கொடுத்து நிற்கும். லேஸில் பாதிக்கு மேல் ஓட்டை என்பதால் அந்த முட்டு கிடையாது. தண்ணீர் பட்டதும் நூல் ஊதி, தறியில் ஏறிய இழுவை தளர்ந்து, துணி சுருங்கிவிடும்.

கடையில் வாங்கும்போது அது விறைப்பாக, நேராக இருந்ததே என்று தோன்றும். அது ஆலையின் கைவண்ணம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஊரில் ஜான் லிவ்சே 1846இல் லேஸ் திரை செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகுதான், பணக்கார வீடுகளில் மட்டும் இருந்த லேஸ் திரை சாதாரணக் குடும்பத்து ஜன்னலுக்கும் வந்தது. பிறகு ஸ்காட்லாந்தில் டார்வல், நியூமில்ன்ஸ் ஊர்களிலும், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனிலும் ஆலைகள் எழுந்தன. இயந்திரத்திலிருந்து இறங்கும் லேஸ் துவண்டுதான் இருக்கும். அதைக் கஞ்சியில் நனைத்து, நீண்ட சட்டங்களில் இழுத்து மாட்டி, சூடேற்றிய கூடத்தில் காயவைத்த பிறகே கடைக்கு அனுப்புவார்கள்.

வீட்டில் முதல் முறை துவைத்ததும் அந்தக் கஞ்சியும் போகும், இழுவையும் போகும். ஆலை கடைசியாகச் செய்த வேலையை வீட்டில் சின்ன அளவில் திரும்பச் செய்ய வந்ததுதான் அளவு மாற்றக்கூடிய மடக்குச் சட்டம். வீடு முழுக்க நிலக்கரி எரித்த காலம் அது. திரை சீக்கிரம் கறுக்கும், அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவில் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் இது சாதாரண வீட்டுச் சாமான்.

இன்று இதைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டைப் பழைய அழகோடு காப்பாற்ற நினைப்பவர்கள், அப்புறம் கம்பளி லேஸ் சால்வை பின்னுபவர்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சட்டத்தின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் லேஸின் ஓரத்தைப் பாருங்கள், நூல் எதுவென்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சட்டமே வேண்டாம் என்றால்

இஸ்திரி போட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 8 அடித் திரையை இஸ்திரிப் பெட்டியால் நீவும்போது துணி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று கண்ணுக்கே தெரியாது. ஒரு மூலை நீண்டு, எதிர் மூலை குட்டையாகிவிடும். புடைத்து நிற்க வேண்டிய பூவேலை நசுங்கித் தட்டையாகும். கஞ்சி போட்டிருந்தால் கருகும் பயமும் உண்டு. சின்னக் கைக்குட்டை லேஸுக்குச் சரி, திரைக்கு வேண்டாம்.

ஈரத்தோடு ஜன்னலில் மாட்டி, கீழ் மடிப்புக்குள் ஒரு கம்பியைச் செருகிவிடுவது இன்னொரு வழி. நீளம் ஓரளவு திரும்பக் கிடைக்கும். அகலத்துக்கு அது எதுவும் செய்யாது. இன்னும் சொன்னால், கீழே இழுக்க இழுக்கப் பக்கவாட்டில் துணி உள்வாங்கும். அகலமாக எடுத்துச் சுருக்கு வைத்துத் தொங்கவிடும் திரையென்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒற்றைப் பூவேலையை விரித்துக் காட்டும் திரையில் பளிச்சென்று தெரியும்.

சட்டத்தோடு உண்மையாகப் போட்டி போடுவது தரைதான். கம்பள விரிப்பின் மேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, அதில் ஈரத் திரையை விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்துவது. காசு செலவில்லை. எந்த வடிவமான ஓரத்துக்கும் ஒத்துவரும், ஊசியை எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். ஆனால் காயும்வரை அந்த அறையில் யாரும் நடக்க முடியாது. அடியில் காற்றுப் போகாததால் காய நேரமாகும். குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். வருஷத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு ஜோடித் திரை என்றால் நான் தரையைத்தான் சொல்வேன். அதற்கு மேல் என்றால் சட்டம்.

பதித்த ஊசியா, நகரும் ஊசியா?

சட்டம் என்பது நான்கு நீள மரத்துண்டுகள், அவ்வளவுதான். பெரும்பாலும் பைன் அல்லது பாஸ்வுட். இரண்டுமே லேசான மரம். மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, விங் நட் (கையாலேயே திருகும் இறக்கை வைத்த மரை) போட்டு முறுக்கப்படும். முறுக்கைத் தளர்த்தினால் மரத்துண்டுகள் நகரும், வேண்டிய நீள அகலத்துக்கு வைத்து மறுபடி முறுக்கலாம். பல சட்டங்களில் மரத்தின்மேலேயே அங்குல எண்கள் அச்சிட்டிருக்கும். உள்ளோரம் நெடுகச் சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசம் இந்த ஊசிகளில்தான்.

பதித்த ஊசிச் சட்டத்தில் ஏறக்குறைய அங்குலத்துக்கு ஒன்று என்று ஊசிகள் மரத்தில் அடிக்கப்பட்டிருக்கும். இதன் பலம் வேகம். 8 அடிக்கு 4 அடித் திரையின் சுற்றளவு 24 அடி, அதாவது 288 ஊசிகள். அவற்றில் ஓரத்தை அழுத்திக்கொண்டே போகலாம், எங்கே குத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு திரையை மாட்டிய பிறகு, அதே ஊசிகளில் அதன் மேலேயே இன்னொன்றையும், லேஸ் மெல்லியதாக இருந்தால் மூன்றாவதையும் மாட்டலாம். எல்லாம் ஒரே அளவில் காய்ந்து வரும். ஜோடித் திரைக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டில் ஒன்று அரை அங்குலம் குட்டையாக இருந்தாலும் கண்ணை உறுத்தும்.

இதன் பலவீனம் வளைவோரம். நாட்டிங்ஹாம் வகைத் திரைகளில் பெரும்பாலானவற்றின் பக்க ஓரம் அலை அலையாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு முனை. அந்த முனைகள் சட்டத்தின் அங்குலக் கணக்குக்கு வந்து நிற்குமா? நிற்காது. முனைக்கு இரண்டு பக்கமும் ஊசி ஏறும், முனை நடுவில் தளர்ந்து கிடக்கும். காய்ந்த பிறகு பழைய அலை மறைந்து, ஊசிக்கு ஊசி ஒரு புதுக் கூர் முளைத்திருக்கும். அடுத்தடுத்த துவைப்புகளில் ஊசி வேறு வேறு இடத்தில் ஏற, ஓரம் கிழியத் தொடங்கும். பழைய திரைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடு லேஸ் நன்றாக இருக்கும், ஓரம் மட்டும் நைந்து போயிருக்கும். வெயிலும் காரணம்தான். ஆனால் ஓரத்தில் வரிசையாக ஒரே இடைவெளியில் கிழிசல் இருந்தால், அதைச் செய்தது சட்டம்.

நகரும் ஊசிச் சட்டத்தில் ஒவ்வொரு ஊசியையும் தள்ளி வைக்க முடியும். திரையின் ஒரு பக்கத்தைச் சட்டத்தோடு வைத்து, ஒவ்வொரு அலை முனைக்கும் நேராக ஊசியை நகர்த்தி, பிறகு மாட்ட வேண்டும். முதல் திரைக்குப் பொறுமை வேண்டும். அதே வடிவத் திரைகள் நாலைந்து இருந்தால் இரண்டாவதிலிருந்து வேலை ஓடும். தொல்லை ஒன்று உண்டு: கஞ்சி சொட்டி ஊசிகளின் தடத்தில் காய்ந்துவிட்டால் அவை அசையாது. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

விலையும் இதற்குத்தான் கூடுதல். கொடுக்கலாம் என்பது என் கருத்து. நேரான ஓரமுள்ள திரைகள் மட்டுமே வைத்திருப்பவருக்குப் பதித்த ஊசியே போதும். ஒரே ஒரு வளைவோரத் திரை இருந்தாலும் நகரும் ஊசிக்குப் போய்விடுங்கள். நகரும் ஊசியால் நேரான ஓரத்தையும் மாட்டலாம், பதித்த ஊசியால் வளைவோரத்தைக் காப்பாற்ற முடியாது.

ஊசியே இல்லாத சட்டம் என்றும் விற்றார்கள். விரலில் குத்திக்கொள்ளாமல் வேலை முடியும் என்பதுதான் அதற்குச் சொன்ன பெருமை. விரலுக்கு நல்லதுதான். ஆனால் ஓரத்தைப் பரப்பாகக் கவ்வும் எந்தப் பிடியும் அலை முனைகளைத் தனித்தனியாக நிமிர்த்தாது. வளைவோரத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மடிப்பதன் விலை

மடங்காத சட்டத்தைக் கழற்றினால் 8 அடிக்கும் மேல் நீளமுள்ள மரங்கள் கையில் நிற்கும். பரணும் பெரிய கொல்லையும் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. அடுக்குமாடி வீட்டில் அவற்றை எங்கே வைப்பது? அதனால்தான் நீளச் சட்டத்தை நடுவில் வெட்டிக் கீல் வைத்தார்கள். மடித்தால் பாதியாகும், அலமாரிக்குப் பின்னால் நின்றுகொள்ளும்.

அந்தக் கீல்தான் இதன் பலவீனமான இடமும். ஈரத் திரை நான்கு பக்கமும் இழுக்கும்போது நடுவில் கீல் உள்பக்கமாக வளைந்தால், திரை இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போலக் காய்ந்து வரும். நல்ல மடக்குச் சட்டத்தில் கீலுக்கு மேல் பூட்டும் உலோகப் பட்டையோ, நடுவில் குறுக்குத் தாங்கலோ இருக்கும். அது இல்லாத மடக்குச் சட்டத்தைவிட மடங்காத சட்டம் மேல். பின்னால் கால் வைத்துச் சாய்வாக நிற்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. குனியாமல் வேலை செய்யலாம், இரண்டு பக்கமும் காற்று படும், வெளியே வெயில் பக்கமாகத் திருப்பி வைக்கலாம். கால் இல்லாததை நாற்காலிகளின் முதுகில் படுக்க வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

எந்த வகையானாலும் செய்முறை ஒன்றே. துவைப்பதற்கு முன்பே திரையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், துவைத்த பிறகு அந்த அளவு கிடைக்காது. சட்டத்தை அந்த அளவுக்கு வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். திரையை முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்து, ஈரம் போவதற்குள் மாட்டிவிட வேண்டும். எழுதி வைத்த அளவுக்கு மேல் கால் அங்குலம்கூட இழுக்காதீர்கள்.

சால்வைக்கு ஷெட்லாந்து வழி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், குறிப்பாக உன்ஸ்ட் தீவில், மோதிரத்துக்குள் நுழைந்து வரும் அளவுக்கு மெல்லிய கம்பளிச் சால்வை பின்னுவார்கள். அவர்களும் மரச்சட்டத்தில்தான் இழுத்துக் காயவைத்தார்கள். ஆனால் சால்வையின் ஒவ்வொரு ஓர முனையிலும் ஒரு கயிற்றைக் கோத்து, அந்தக் கயிற்றைச் சட்டத்தின் முளைகளில் மாட்டுவார்கள். ஊசி துணியைத் தொடாது. ஒரு இடத்தில் இழுவை கூடினால் கயிறு தானே நழுவிப் பங்கிட்டுக்கொள்ளும். பருத்திக்கு நனைந்தால் வலிமை கூடும், கம்பளிக்குக் குறையும். அதனால் கம்பளிக்கு இந்த மென்மை அவசியம். சால்வை பின்னுபவர்கள் பழைய திரைச் சட்டத்தை வாங்கினால், அதன் ஊசிகளை முளையாக மட்டும் வைத்துக்கொண்டு கயிற்று வழியைப் பின்பற்றுவது நல்லது.

கையால் செய்த பழைய லேஸை எந்தச் சட்டத்திலும் ஏற்ற வேண்டாம். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் அதை ஈரத்தோடு சமதளப் பலகையில் விரித்து, பூச்சிகளைக் குத்திவைக்கும் மெல்லிய துருப்பிடிக்காத ஊசிகளால் இழுக்காமல் நிறுத்தி மட்டும் வைப்பார்கள்.

எந்த நூல்?

விஸ்கோஸ் ரேயான் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) கலந்த லேஸ் பளபளவென்று இருக்கும், பருத்தி என்றே தோன்றும். ஆனால் நனைந்தால் விஸ்கோஸ் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். அதைச் சட்டத்தில் இழுத்தால் ஊசி இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும். தரையில் விரித்துக் கையால் நீவிவிடுவதோடு நிறுத்துங்கள்.

பாலியஸ்டர் திரைக்குச் சட்டம் தேவையே இல்லை. 1941இல் மான்செஸ்டரின் காலிகோ பிரின்டர்ஸ் சங்கத்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் டெரிலீன் என்ற பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அது திரைச்சீலைக்கு வந்த பிறகுதான் இந்தச் சட்டங்கள் வீடுகளிலிருந்து மறைந்தன. பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆலையிலேயே அகலமாக இழுத்துப் பிடித்து 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு காட்டினால் அந்த வடிவம் நிலைத்துவிடும். திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஸ்டென்டர் இயந்திரம் செய்வது அதே வேலைதான். அதிலும் ஊசியால் பிடிப்பது, கிளிப்பால் பிடிப்பது என்று இரண்டு வகை உண்டு.

பழைய சட்டம் வாங்கும்போது

இப்போது கிடைப்பவை பெரும்பாலும் பழைய சாமான் கடைச் சரக்கு. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து ஊசிகளின் மேல் அழுத்திக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளி விழுந்தால் முலாம் போய் இரும்பு வெளியே வந்துவிட்டது, அது லேஸில் துருக்கறை வைக்கும், அந்தக் கறை எளிதில் போகாது. ஒன்றிரண்டு ஊசி என்றால் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஊசி அடிக்கலாம். வரிசை முழுக்க அப்படி என்றால் விட்டுவிடுங்கள். மரத்தை ஒரு முனையிலிருந்து கண்ணால் நோட்டம் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். விங் நட் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். மரத்தின் சாயம் இறங்குகிறதா என்றும் அதே ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். இறங்கினால் ஊசி வரிசையை ஒட்டி வெள்ளை நாடாத் துணியைச் சுற்றிக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம்.