விக்கிப்பீடியர்களை ஒன்பது கட்டத்தில் அடைக்க முடியுமா? டி அண்ட் டி அலைன்மென்ட் விதி: ஒரு மதிப்புரை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. அதில் பாத்திரத்தின் குணச்சார்பை (அலைன்மென்ட்) ஒன்பது கட்டத்தில் குறிப்பார்கள். விதியை மதிக்கும் லாஃபுல், இடைப்பட்ட நியூட்ரல், விதியை மதிக்காத கேயாட்டிக் என்பது கிடை அச்சு. நல்ல குட், இடைப்பட்ட நியூட்ரல், கெட்ட ஈவில் என்பது செங்குத்து அச்சு. இரண்டிலும் நடுவில் இருப்பது ட்ரூ நியூட்ரல். அந்தக் கட்டத்தை எடுத்து, ஆன்லைன் சமூகத்தில் யார் லாஃபுல் குட், யார் கேயாட்டிக் ஈவில் என்று பெயர் நிரப்புவது பலருக்கும் பிடித்த வேலை. பெரும்பாலும் அது மனக்கசப்பில்தான் முடிகிறது. கருவியில் குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை, அதைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. உரசிப் பார்க்கச் சரியான இடம் ஆங்கில விக்கிப்பீடியா. அங்கே விதிகள் எழுத்தில் இருக்கின்றன. யார் எதை எப்போது மாற்றினார் என்பதும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது.

முதலில், எந்தப் பதிப்பு? 1974-ல் வந்த மூல விளையாட்டில் லா, நியூட்ரல், கேயாஸ் என்று மூன்றே பிரிவுகள். நல்லது கெட்டது என்ற இரண்டாவது அச்சை 1976-ல் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் சேர்த்தார். 1978-ல் ஒன்பது கட்டமும் நிலைத்தது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு அதை ஐந்தாகக் குறைத்தது. அந்தப் பதிப்பைத் தொடவே வேண்டாம். கேயாட்டிக் குட், லாஃபுல் ஈவில் இரண்டும் அதில் இல்லை. விதியை மீறி நல்லது செய்பவர், விதியைக் கையில் வைத்துக்கொண்டே கெடுப்பவர் இந்த இருவரைப் பற்றித்தான் எந்தச் சமூகத்திலும் வாக்குவாதமே மூளும். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பி வந்தன. கட்டத்துக்கு ஒரே வாக்கியம், அவ்வளவுதான். அந்த வாசகம், விளையாட்டின் அடிப்படை விதிகளைத் தொகுத்துத் தரும் எஸ்ஆர்டி 5.1 ஆவணத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். இதையே பரிந்துரைக்கிறோம்.

ஆனால் அப்படியே பயன்படுத்த முடியாது. லாஃபுல் நியூட்ரலுக்கான வாசகம் சட்டம், மரபு ஆகியவற்றோடு 'சொந்த நெறி'யையும் சேர்க்கிறது. கேயாட்டிக் குட்டோ மனசாட்சி சொன்னபடி நடப்பவர் என்கிறது. சொந்த நெறிக்கும் மனசாட்சிக்கும் இடையே கோடு எங்கே? ஒரே ஆளை இருவர் எதிரெதிர்க் கட்டத்தில் வைப்பது இங்கேதான் தொடங்குகிறது. 'சொந்த நெறி'யை அடித்துவிட்டு, சமூகம் எழுதி வைத்த விதியை மட்டும் கணக்கில் எடுங்கள். கேயாட்டிக் ஈவிலில் வரும் வன்முறை, ரத்தவெறி இரண்டும் இணையத்துக்குப் பொருந்தாது. அந்த இடத்தில் விஷமத் தொகுப்பு (பக்கத்தைக் கெடுக்கவே செய்யும் மாற்றம்) என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும் சேராத 'அன்அலைன்ட்' என்பதை அமைதியாக இருக்கும் உறுப்பினர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒழுக்கம் பற்றி யோசிக்கும் திறனே இல்லாத உயிர்களுக்கானது அது. விஷமத் தொகுப்புகளைத் தானே நீக்கும் க்ளூபாட் என்ஜி மாதிரியான தானியங்கிக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

இந்தத் திருத்தங்களோடு, சட்டத்தைப் பார்க்கும் அச்சு அற்புதமாக வேலை செய்கிறது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் மாற்றத்தை நீக்கக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் விதி. தினமும் சரியாக மூன்றோடு நிறுத்தி, மறுநாள் மீண்டும் தொடங்கி, எதிராளியைக் களைப்படையச் செய்து தன் வாசகத்தை நிலைநாட்டுகிறார் ஒருவர் என்றால், அது அச்சு அசலாக லாஃபுல் ஈவில் செயல். கூலிக்கு எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவித்து, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் மட்டும் கோரிக்கை வைத்தால் லாஃபுல் நியூட்ரல். மறைத்து, கைப்பாவைக் கணக்குகளில் (ஒருவரே வேறு ஆள் போல நடத்தும் கணக்குகளில்) எழுதினால் நியூட்ரல் ஈவில். எழுத்துப்பிழையும் உடைந்த இணைப்பும் சத்தமில்லாமல் சரிசெய்யும் 'விக்கி நோம்'களை எல்லோரும் ட்ரூ நியூட்ரலில் போடுகிறார்கள், சண்டைக்கு வராததால். தவறு. தேவை பார்த்து உதவுவது நியூட்ரல் குட்.

சிக்கலான இடமும் உண்டு. மேம்படுத்துவதைத் தடுக்கும் விதியைப் புறக்கணி என்பதே அங்கே ஒரு விதி! அதைச் சொல்லி மீறுபவர் லாஃபுல்லா கேயாட்டிக்கா? மீறியதன் காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் எழுதி, மற்றவர் மறுத்ததும் நிறுத்தினால் நியூட்ரல் என்று கொள்ளுங்கள். நிறுத்தாமல் தொடர்ந்தால்தான் கேயாட்டிக்.

நல்லது கெட்டது அச்சில் கருவி நொண்டுகிறது, காரணமும் தெளிவானது. விளையாட்டில் கட்டத்தை நிரப்புபவர் அந்தப் பாத்திரத்தை ஆடுபவரே. நோக்கம் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதை உருவாக்கியதே அவர். சமூகத்தில் பெயர் ஒட்டுபவர் வேறு ஆள். அவர் கண்ணில் படுவது தொகுப்பு மட்டும். மேற்கோள் இல்லாத ஒரு பத்தியை நீக்கியவர் தரத்துக்காக நீக்கினாரா, எழுதியவர் மேல் இருந்த வெறுப்பிலா என்பதைத் தொகுப்பு சொல்லாது. அதனால் செங்குத்து அச்சை உறுப்பினர் தாமே நிரப்பட்டும். மற்றவர்கள் கிடை அச்சை மட்டும் குறிக்கட்டும்.

அதற்கு ஒருவரின் எல்லாத் தொகுப்புகளையும் எண்ண வேண்டியதில்லை. அவர் விரும்பியதும் விதி சொன்னதும் மோதிய இடங்களை மட்டும் பொறுக்குங்கள். மோதாத இடத்தில் விதியைப் பின்பற்றியது எதையும் காட்டாது. பத்து மோதல்கள் போதும். விதிக்கு விட்டுக்கொடுத்தால் கூட்டல் ஒன்று, மீறினால் கழித்தல் ஒன்று, பேசி இடைவழி கண்டால் பூஜ்யம். கூட்டல் நான்கைத் தாண்டினால் லாஃபுல், கழித்தல் நான்கைத் தாண்டினால் கேயாட்டிக். பத்து மோதல்கள் கிடைக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ட்ரூ நியூட்ரலில் தள்ளாதீர்கள். தேதியையும் குறியுங்கள், புதிதாக வந்தவர் முதல் மாதத்தில் செய்யும் மீறல் பெரும்பாலும் விதி தெரியாததால் வருவது, அதை எண்ணவே கூடாது.

கீழ் வரிசை மூன்று கட்டங்களிலும் ஆள் பெயர் வேண்டாம், செயலை மட்டும் எழுதுங்கள். பெயர் போட்டு ஒருவரை ஈவில் என்று ஒட்டுவது, தனிநபர் தாக்குதல் கூடாது என்ற விக்கிப்பீடியாவின் கொள்கையிலேயே மோதும்.