டெக்சாஸில் கொலாபரேட்டிவ் விவாகரத்து: ரகசியம் எதுவரை?

டாலஸ் பகுதியில் குடும்ப வழக்குகளை மட்டும் நடத்தும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம் எனது விவாகரத்தைக் கொலாபரேட்டிவ் முறையில், அதாவது நீதிமன்றத்தில் மோதாமல் இரு தரப்பும் வழக்கறிஞர்களுடன் கூடிப் பேசி உடன்படும் முறையில், முடித்துக் கொடுத்தது. கணவர் தமக்கெனத் தனி வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டார். இம்முறையில் அது கட்டாயம். டெக்சாஸில் விவாகரத்து மனு பொதுப் பதிவேட்டில் சேர்கிறது. யார் மீது யார் என்ன குற்றம் சாட்டினார்கள், வீட்டுக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பேச்சாகிவிடக் கூடாது என்ற ஒன்றில் மட்டும் நாங்கள் இருவரும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போனோம்.

1990-இல் மினியாபொலிஸ் வழக்கறிஞர் ஸ்டூவர்ட் வெப் தொடங்கிவைத்த இம்முறைக்கு டெக்சாஸ் 2001-இலேயே சட்டத்தில் இடமளித்தது. 2011-இல் அதற்கு விரிவான சட்டம் வந்தது. பேச்சு முறிந்து நீதிமன்றத்தில் மோத வேண்டி வந்தால் இரு வழக்கறிஞர்களும் விலகிவிட வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அமர்வுகளில் சொன்னவற்றைப் பின்னர் சாட்சியமாகக் கொண்டுவரவும், சில விலக்குகள் நீங்கலாக, இடமில்லை. இதன் அருமை நிதி ஆலோசகர் நடத்திய அமர்வில்தான் எனக்குப் புரிந்தது. இரு தரப்புக்கும் பொதுவான அவர், ஓய்வூதியக் கணக்கு, நிறுவனப் பங்குகள், வேளச்சேரி ஃபிளாட் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகத் திரையில் விரித்தபோது, தம் அண்ணனுக்குக் கொடுத்திருந்த கடனைக் கணவர் தாமாகவே சொன்னார். வழக்காடியிருந்தால் அதை வெளியே கொண்டுவரவே தனிச் செலவு ஆகியிருக்கும். சொத்துப் பிரிவினை ஒப்பந்தத்தையும் கோப்பில் சேர்க்காமல், இறுதி ஆணையில் சுட்டிக் குறிப்பிட்டதோடு விட்டதால், தொகைகள் எங்கள் அலமாரிகளிலேயே தங்கின.

ஆனால் முதல் சந்திப்பில் "முழு ரகசியம்" என்று அந்த அலுவலகம் சொன்னது மிகை. மனு தாக்கலான செய்தியும் அதில் உள்ள பெயர்களும் பொதுப் பதிவேட்டில் இருக்கும்; குழந்தையின் பராமரிப்புத் தொகை, வளர்ப்புரிமை பற்றிய விதிகள் ஆணையில் இருந்தே தீரும். ஓய்வூதியக் கணக்கைப் பிரிப்பதற்கும் நீதிபதி தனியாக ஓர் ஆணையில் கையொப்பமிட வேண்டும். இந்தியாவில் மறுமணம், சொத்து என்று கேள்வி எழுந்தால் ஆணையின் சான்றிட்ட நகலைக் காட்ட நேரலாம். வெளிநாட்டு விவாகரத்தை ஏற்பதற்கு 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கட லட்சுமி என்ற விவாகரத்து வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளில் இரு தரப்பின் சம்மதமும் இடம்பெறுவதால், கூடிப் பேசி முடிக்கும் இம்முறை அவ்வகையில் நமக்குத் தோதானது.

என் மனக்குறை வேறு. கூட்டக் குறிப்பு ஒன்றைக் கடவுச்சொல் கூட இல்லாமல் எங்கள் பழைய குடும்ப மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த முகவரி மகளின் டேப்லெட்டிலும் திறந்திருந்தது. ரகசியத்தை விற்கும் அலுவலகத்துக்கு இது அழகல்ல. இரு வழக்கறிஞர்கள், நிதி ஆலோசகர், மனநல வல்லுநர் என நால்வருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடுவதால், பிரிக்கச் சொத்து அதிகம் இல்லாதவர்களுக்குச் சாதாரண மத்தியஸ்தமே போதும். அங்கே பேசுவதற்கும் ரகசியப் பாதுகாப்பு உண்டு.