திருகோணமலைத் தண்ணீரில் ஒரு ஸ்டீம் அயன்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஸ்டீம் அயன் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது விலை; அடுத்தது எத்தனை வாற்று என்பது. திருகோணமலையில் குடியிருப்பவர் இவ்விரண்டுக்கும் முன்னதாகத் தமது வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே அயனைக் கொண்டு வீட்டு உடுப்புகள் அனைத்தையும் அயன் பண்ணிய பின்னர் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான். என்னிடம் இருப்பது 2400 வாற்று வலுவும் 300 மில்லிலீற்றர் தண்ணீர்த் தாங்கியும் பீங்கான் பூச்சுள்ள அடித்தட்டும் கொண்ட, நடுத்தர விலையிலான ஒன்று. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, அலுவலகச் சேட்டு, சாரம், கைத்தறிச் சேலை, கோயிலுக்கு உடுத்தும் பட்டு என எல்லாமே அதன் கீழ்தான் போகின்றன.

நகரத்துக் குழாய்களில் நமக்கு வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலோ கடலோர மணலில் தோண்டிய கிணற்றை இன்றும் நம்பியிருக்கும் வீடுகள் இருக்கின்றன. மழையில்லாத மாதங்களில் அக்கிணறுகள் சிலவற்றில் உவர்ப்பு ஏறுவதை நாக்கே சொல்லிவிடும். சாதாரண ஸ்டீம் அயனின் தாங்கியிலிருந்து தண்ணீர் சிறு துளைவழியே சொட்டுச் சொட்டாக, அடித்தட்டுக்கு மேலுள்ள சூடான அறைக்குள் விழுந்து அங்கேயே ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருந்தவை போகமாட்டா. கல்சியம் இருகாபனேற்று சூட்டில் காபனீரொட்சைட்டை விட்டுவிட்டுக் கல்சியம் காபனேற்றாக, அதாவது சுண்ணாம்பாகப் படியும். கேத்திலின் அடியில் நாம் காணும் அதே வெள்ளைப் படிவுதான் இது. உவர்த் தண்ணீரானால் இதனுடன் உப்பும் தங்கி உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

நிலாவெளியில் இருக்கும் என் மச்சாள் வீட்டு அயனின் ஆவித் துளைகளை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சில துளைகள் முழுவதுமாக அடைபட்டிருந்தன. மற்றவற்றின் ஓரங்களில் வெள்ளையும் பழுப்பும் கலந்த பொருக்கு. குண்டூசி முனையால் தொட்டதும் அது செதிளாக உதிர்ந்தது. அந்தச் செதிள்தான் பின்னர் வெந்நீரோடு சேர்ந்து பழுப்புச் சொட்டாக வெள்ளைச் சீருடையின் நெஞ்சுப் பக்கத்தில் விழுகிறது. நிறத் துணியில் கண்ணுக்குத் தப்பும் கறை, வாரம் முழுவதும் வெள்ளை உடுத்தும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தப்பாது. காலை ஆறு மணிக்கு அதைத் திரும்பத் தோய்த்து எடுக்கவும் நேரம் இராது.

ஆகவே எந்தத் தண்ணீரை ஊற்றுவது? நான் குழாய்த் தண்ணீரையும், கடையில் விற்கும் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். கிணற்றுத் தண்ணீர் மட்டுமே உள்ளவர்கள், அது உவர்ப்பாக இல்லாவிட்டால், நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மேலாக வடித்துப் பயன்படுத்தலாம். கொதிக்கும்போதே சுண்ணாம்பின் ஒரு பங்கு பானையில் தங்கிவிடும். உப்பு கொதிப்பதால் போகாது என்பதால் உவர்த் தண்ணீருக்கு இந்த வழி உதவாது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் தூய்மையானது, அதை ஊற்றுங்கள் என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அதில் சுண்ணாம்பு இல்லை என்பது சரியே. ஆனால் தூசும் பூஞ்சணமும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், அவை சூட்டில் கருகிப் பழுப்புக் கறையாகும். கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீருக்கும் இதே குறை உண்டு. பற்றரித் தண்ணீரை ஊற்ற வேண்டாம் என்று சில அயன்களின் கைந்நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். வாசனைத் திரவத்தையும் கஞ்சியையும் தாங்கிக்குள் ஒருபோதும் விடக்கூடாது. கஞ்சி வேண்டுமானால் துணிக்குத்தான் போட வேண்டும்.

வாற்றுக் கணக்கு தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அறை வெப்பநிலையிலுள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,550 யூல் சக்தி வேண்டும். நிமிடத்துக்கு 30 கிராம் ஆவி வரும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அந்த ஆவிக்கு மட்டுமே 1,275 வாற்று செலவாகும். துணியைச் சூடாக்குவது அதற்கு மேலதிகம். 1200 வாற்று அயன் ஒன்று அந்த அளவு ஆவியைத் தொடர்ந்து தர இயலாது. அப்படி அச்சிட்டிருந்தாலும், சற்று நேரத்தில் தட்டு குளிர்ந்து தண்ணீர் ஆவியாகாமலே துணியில் ஒழுகும். 2000 வாற்றுக்குக் கீழ் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

அவ்வளவு வலுவை எடுத்துக்கொள்ளும்போது வீட்டு மின்னிணைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நமது 230 வோல்ற்றில் 2400 வாற்று அயன் பத்து அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்ட முள் சொக்கெட் 1,150 வாற்றுக்கு மேல் தாங்கக் கூடியதன்று. அதில் மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகி இந்த அயனைப் போடுவது ஆபத்து. எங்கள் வீட்டு வயரிங்கைப் பார்த்த தம்பி, "அக்கா, இதுக்கு 13 அம்பியர் சொக்கெட் தனியா ஒண்டு போடுவம், மல்டி பிளக்கில கேத்திலோட சேத்துப் போடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார். அப்படியே செய்தோம். கடற்காற்றில் பிளக்கின் பித்தளை முள்கள் மங்கிப்போகும். மங்கிய முள் சரியாகத் தொடாமல் சூடேறும் என்பதால் அவ்வப்போது இணைப்பைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன்.

ஆவி எப்போது தேவை என்பதை இங்கே காற்றுத்தான் தீர்மானிக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் காலையில் காயப்போட்ட பருத்தித் துணி பகலுக்குள் மொரமொரவென்று காய்ந்து, சுருக்கங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி இழையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகள் ஈரத்தில் நெகிழ்கின்றன. சூடும் அழுத்தமும் இழையை நேராக்குகின்றன. ஈரம் போனதும் பிணைப்புகள் புதிய இடத்தில் மீண்டும் இறுகுகின்றன. எனவே காய்ந்து விறைத்த துணிக்கு ஆவி இன்றியமையாதது. முன்னர் சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்கிய காலத்தில் நம் அம்மாமார் உடுப்பில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்ததும் இதற்காகவே.

மாரி தொடங்கி வாடைக்காற்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். கொடியில் இரண்டு நாள் கிடந்தும் சேட்டின் கழுத்துப் பட்டியிலும் பையின் அடியிலும் ஈரம் நிற்கும். அப்போது ஆவியை முற்றாக மூடிவிட்டு வெறும் சூட்டில் அயன் பண்ணுவதே நல்லது; மேலும் ஆவி விட்டால் ஈரத்தோடே அலுமாரிக்குள் போகும் துணியில் பூஞ்சண மணம் பிடிக்கும். கச்சான் காலத்திலும் ஆவி விட்ட இடத்தை அடுத்த இழுப்பில் ஆவியின்றி உலர்த்தி எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது இழுப்பைத் தவிர்ப்பதாலேயே உடுப்பை மாட்டியவுடன் முழங்கையிலும் மடிப்பிலும் மீண்டும் கசங்கல் விழுகிறது.

துணி வகைகளில் பொலியெஸ்டர் கலந்த சீருடைதான் எளிது. அதை நேராக்குவது பெரும்பாலும் சூடே, இரண்டு புள்ளி அளவு போதும். ஒரு புள்ளி ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ், இரண்டு 150, மூன்று 200 என்ற கணக்கில் உடுப்பின் லேபலும் அயனின் குமிழும் ஒத்துப்போகும். ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு ஆவியைத் திறந்தால் பெரும்பாலான அயன்கள் ஒழுகவே செய்யும். அது பழுதன்று, தண்ணீர் ஆவியாவதற்குத் தட்டில் போதிய சூடு இல்லை. மருதமுனைக் கைத்தறிச் சேலைக்கு மூன்று புள்ளியும் நிறைந்த ஆவியும் தருகிறேன். நெசவு விளிம்பை முதலில் நேராக்கிக்கொண்டு நடுப்பகுதிக்கு வந்தால் சேலை கோணாது. பட்டைப் புறம் திருப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, ஆவியின்றி அயன் பண்ணுகிறேன். பட்டில் விழும் ஒரு சொட்டுத் தண்ணீரும் வட்டத் தடமாக நின்றுவிடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பராமரிப்பில் மாதம் ஒருமுறை செய்யும் சுண்ணாம்பு நீக்கம்தான் இந்த அயனை இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். தாங்கியை நிரப்பி, சூட்டை உச்சத்துக்கு வைத்து, சூடேறியதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, அயனைக் கழுவு தொட்டியின் மேல் கிடையாகப் பிடித்து ஆவியை முழுவதும் திறந்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கொதிநீரும் ஆவியும் வேகமாக வெளியேறும். பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. முதலில் வெண்மணல் போன்ற துகள்கள் கொட்டும், பிறகு தண்ணீர் தெளியும். ஆவிக் குமிழை மேலே இழுத்தால் கழன்று வரும் ஊசி ஒன்று என் அயனில் உண்டு. அதன் முனையை மட்டும் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, துடைத்து, கழுவிப் பூட்டுவேன். வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ தாங்கிக்குள் ஊற்றுவதைக் கைந்நூல் தடை செய்கிறது. அமிலம் உட்புற உலோகத்தைத் தின்னும். அயன் பண்ணி முடித்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்த்தி வைப்பதும், வயரைச் சூடு ஆறிய பிறகே சுற்றுவதும் வீட்டில் அனைவருக்கும் பழகிவிட்டன.

பீங்கான் தட்டு இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நுனியருகே சேட்டுச் சிப் ஒன்று உரசிய மெல்லிய கீறல் மட்டும் இருக்கிறது. சிப், பொத்தான் மீது தட்டை ஏற்றாமல் சுற்றிப் போனால் இதுவும் நேராது. தானாக நின்றுவிடும் வசதி என்னுடையதில் இல்லை. அடுத்ததில் அதைக் கேட்டு வாங்குவேன், ஏனெனில் மின்வெட்டின்போது அயனை அப்படியே விட்டுவிட்டுப் போய், மின்சாரம் திரும்பும்போது மறந்திருப்பது எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

தனித் தாங்கியோடு வரும் பெரிய ஸ்டீம் ஸ்டேஷன் வகை, நாள்தோறும் கட்டுக்கட்டாக உடுப்பு அயன் பண்ணுவோருக்கே பெறுமதியானது. நிமிர்த்திப் பிடித்து ஆவி அடிக்கும் கைக்கருவி பட்டையும் மெல்லிய சேலையையும் ஓரளவு சீராக்கும். அழுத்தும் தட்டு இல்லாததால் சீருடை மடிப்புக்கு உதவாது. மத்திய வீதிக் கடைகளில் பார்க்கும்போது ஊசி கழற்றக் கூடியதா, தாங்கியின் வாய் தண்ணீர் ஊற்றவும் கொட்டவும் போதுமான அகலமுடையதா, ஆவியை முற்றாக மூட முடிகிறதா என்று கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிக் காட்டச் சம்மதித்தால், ஆவியை மூடிய நிலையில் அயனைக் கிடையாகச் சில நிமிடம் பிடித்திருக்கச் சொல்லுங்கள். அப்போது ஒரு சொட்டு விழுந்தாலும் அதை வாங்க வேண்டாம்.