தாமார் வேதபாடம்: கேள்விகள் கூர்மை, கடைசிப் பக்கத்தை நாம்தான் எழுதவேண்டும்

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின் முதல் 22 வசனங்களை ஞாயிறு ஆராதனையில் கேட்டவர்கள் குறைவு. எந்த ஞாயிறு எந்த வேதபகுதியை வாசிப்பது என்று சொல்லும், பல நாட்டுச் சபைகள் பின்பற்றும் திருத்திய பொது வாசக அட்டவணை, தாவீதின் கதையை 12ஆம் அதிகாரத்தில் நிறுத்திவிட்டு 18க்குப் போய்விடுகிறது. தகப்பன்வழி அண்ணன் அம்னோனால் பலாத்காரம் செய்யப்பட்ட, தாவீது ராஜாவின் மகள் தாமார் நடுவே விடுபட்டுப்போகிறாள். அந்த 22 வசனங்களை வைத்தே சபைக்குள் பெண்கள்மீதான வன்முறையைப் பேசவைக்கும் வேதபாடம் ஒன்றைத் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலுள்ள உஜாமா மையம் உருவாக்கியது. அது தாமார் இயக்கமாக வளர்ந்து 2005இல் கென்யாவுக்கும் போனது. கையேடு இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கிறது, கேள்விகள் எளியவை, தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்தில் பிரசங்கம் கிடையாது. பகுதியைச் சத்தமாக வாசித்து, கேள்விகளை வரிசையாகக் கேட்டு, குழுக்கள் சொல்வதைச் சார்ட் பேப்பரில் எழுதவேண்டும். பகுதி எதைப் பற்றியது, யார் யார் வருகிறார்கள் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். பாடத்தின் உயிர் அடுத்த கேள்வியில் இருக்கிறது: தாமாருக்கு நடந்ததில் ஒவ்வொரு ஆணுக்கும் என்ன பங்கு?

இதற்கு அரைமணி நேரம் கொடுங்கள். அம்னோனின் நண்பன் யோனதாப் தந்திரம் சொல்லிக்கொடுக்கிறான். அம்னோன் வியாதிக்காரனைப்போல் படுத்துக்கொள்கிறான். தாவீது யோசிக்காமல் மகளை அனுப்பிவைக்கிறான். அம்னோன் 'வெளியே போங்கள்' என்றதும் அறையிலிருந்த எல்லாரும் எழுந்து போகிறார்கள். வேலைக்காரன் அவளை வெளியே விட்டுக் கதவைப் பூட்டுகிறான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் 'மவுனமாயிரு' என்கிறான். கடைசியில் தாவீது கோபப்படுகிறான், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பேர் பேராகச் சார்ட்டில் ஏறும்போது, 'யாரோ ஒரு கெட்டவன் செய்த பாவம்' என்று தள்ளிவிட முடியாது. உதவியவர்களும் விலகிப்போனவர்களும் வாயை அடைத்தவர்களும் ஒரே தாளில் நிற்பார்கள்.

அடுத்தது தாமார் என்ன சொன்னாள், என்ன செய்தாள் என்ற கேள்வி. 'அவள் ஏன் தனியாகப் போனாள்?' என்று யாராவது கேட்பார்கள். அநேகமாக ஒவ்வொரு குழுவிலும் வரும். நடத்துகிறவர் வாதாடவேண்டாம். 7ஆம் வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்: போகச் சொன்னவன் தகப்பன். பிறகு 12, 13, 16: அவள் வேண்டாம் என்கிறாள், காரணம் சொல்கிறாள், மாற்றுவழி காட்டுகிறாள், துரத்துவது அதைவிடப் பெரிய அநியாயம் என்கிறாள். 19ஆம் வசனத்தில் தலையில் சாம்பலோடு சத்தமிட்டு அழுதுகொண்டே போகிறாள். இவளை 'வாயில்லாப் பெண்' என்று சொல்லவே முடியாது.

தமிழில் நடத்துவதில் ஒரு நன்மை உண்டு. ஆங்கில வேதாகமங்கள் பல, அம்னோன் அவளைக் காதலித்தான் என்று தொடங்குகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு 'மோகங்கொண்டான்' என்கிறது. காதலா, ஆசையா என்று ஆண்கள் குழு நேரம் போக்குவது இங்கே குறையும்.

குழுவுக்கு 6 முதல் 8 பேர் போதும். பெண்களுக்குத் தனிக் குழு கட்டாயம். கலந்து உட்காரவைத்தால் ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் தலையாட்டுவார்கள். ஆயர் ஆண்கள் குழுவில் உட்காரட்டும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணியில் முடிக்கப்பார்த்தால் முதல் இரண்டு கேள்விகளே நேரத்தைத் தின்றுவிடும். 'நம் சபையில் தாமார்கள் இருக்கிறார்களா?' என்ற கேள்விக்கு வரும் பதில் எதையும் சார்ட்டில் எழுதக்கூடாது, பெண்கள் அனுமதிக்காததைப் பொதுக்கூட்டத்தில் சொல்லக்கூடாது.

ஆண்களுக்கென்று வந்த இரண்டாவது பாடமும் நன்று. 2ஆம் வசனத்தில் அம்னோனைத் தடுத்தது எது, 3 முதல் 6க்குள் அது எப்படி உடைந்தது என்று கேட்கிறது. நண்பனின் பேச்சு எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதை வாலிபர் கூட்டத்தில் பேச இதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது.

குறை கடைசிக் கேள்வியில் வருகிறது: உங்கள் பகுதியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன உதவி உண்டு? கையேடு கேட்பதோடு நிற்கும்; பதிலை நாம்தான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். இந்தியாவில் என்றால் 181 பெண்கள் உதவி எண், வன்முறைக்குள்ளான பெண்களுக்கு உதவும் மாவட்டத்தின் சகி மையம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உள்ள பாதுகாப்பு அலுவலர், பக்கத்து அரசு மருத்துவமனை. பலாத்காரம் நடந்தால் ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆகவேண்டும். சபைக்குள் பேசித் தீர்க்கும் உரிமை ஆயருக்கும் கிடையாது. இதைப் பாடம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் பேசுகிறவர் தெரிந்து பேசுவார்.

காதுகொடுத்துக் கேட்க இரண்டு பெண்களை முன்னதாகவே நியமியுங்கள். ஒரு பெண் வாய் திறந்தால் அடுத்த வாரம் கணவனையும் கூட்டி உட்காரவைத்து 'மன்னித்துவிடு' என்று ஜெபிக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. அவள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப்போகவேண்டும். அங்கே அடி கூடும். இந்த ஏற்பாடுகளுக்கு ஆள் இல்லாத சபை பாடத்தைத் தள்ளிவைக்கட்டும், முதலில் அந்த உதவித் தாளை அச்சடித்துப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டட்டும்.